ஒரே பேனா, 2425 வரை சட்டம்: விஸ்கான்சின் ஆளுநரின் வீட்டோ கதை

வணக்கம் நண்பர்களே! முதலில் திரையில் தெரியும் வரியைப் பாருங்கள்.

[திரையில்: "2023-24 கல்வியாண்டுக்கும் 2024-25 கல்வியாண்டுக்கும்"]

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலச் சட்டமன்றம் 2023-இல் நிறைவேற்றிய பட்ஜெட்டில் இருந்த வரி இது. ஒரு மாணவருக்கு இவ்வளவு என்று பள்ளி மாவட்டங்கள் திரட்டக்கூடிய பணத்துக்கு அங்கே ஓர் உச்சவரம்பு உண்டு, அந்த வரம்பை இந்த இரண்டு ஆண்டுகளுக்கு மட்டும் ஆண்டுக்கு 325 டாலர் கூட்டிக்கொள்ளலாம் என்று எழுதி ஆளுநர் டோனி எவர்ஸுக்கு அனுப்பினார்கள். அவர் புதிதாக ஒரு எழுத்துகூட எழுதவில்லை. 2023-24 என்பதில் இருந்த 24-ஐயும் அடுத்து வந்த சில சொற்களையும் அடித்தார். 2024-25 என்பதில் முன்னால் நின்ற 20-ஐ அடித்தார். 24-க்கும் 25-க்கும் நடுவில் இருந்த சின்னக் கோட்டையும் அடித்தார். இப்போது பாருங்கள்.

[திரையில்: "2023-2425"]

2425-ஆம் ஆண்டு வரைக்கும்! இரண்டு வருஷத்துக்குக் கொடுத்த அனுமதி, நானூறு வருஷத்தைத் தாண்டிப் போய்விட்டது. நானூறு வருஷம் என்றால் எவ்வளவு தூரம் தெரியுமா? 2023-இலிருந்து பின்னால் எண்ணிப் பாருங்கள், திருமலை நாயக்கர் மதுரையில் பட்டத்துக்கு வந்த 1623-க்குப் போய் நிற்பீர்கள். மகால் கட்டப்படவில்லை, மெட்ராஸ் என்ற ஊரே இல்லை. அன்றைக்கு யாரோ போட்ட வரிக்கணக்கு இன்றும் நம் தலையில் இருந்தால் எப்படி இருக்கும்? அவ்வளவு நீளம். 2023 ஜூலை 5 அன்று எவர்ஸ் இதில் கையெழுத்துப் போட்டார்.

சரி, இது எப்படிச் செல்லும்? அடிப்படையைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்க ஆளுநர் என்றதும் நம் ஊர் ஆளுநரை நினைக்காதீர்கள். அவர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஆள், வேலையில் நம் முதலமைச்சருக்குத்தான் பக்கத்தில் வருவார். சட்டமன்றம் தனி, அதில் அவருக்கு இடமில்லை, அங்கே எதிர்க்கட்சிதான் பெரும்பான்மை என்பதும் சகஜம். எவர்ஸ் ஜனநாயகக் கட்சி, விஸ்கான்சினின் இரண்டு அவைகளும் குடியரசுக் கட்சி கையில். மசோதாவை ஆளுநர் நிராகரித்தால் அதுதான் வீட்டோ, அதை மீற இரண்டு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். விஸ்கான்சினில் ஒரு வீட்டோவைக் கடைசியாக மீறியது 1985-இல்.

அதனால் எவர்ஸ் தயங்காமல் வீட்டோ போட்டார். 2021-22 கூட்டத்தொடரில் மட்டும் 126 மசோதாக்கள். அதற்கு முந்தைய சாதனை 90, அதுவும் 1927-இல். கருக்கலைப்புக்குக் கூடுதல் கட்டுப்பாடு, தேர்தல் விதிமாற்றங்கள், உரிமம் வைத்திருப்பவர் பள்ளி வளாகத்தில் நிறுத்தும் வண்டிக்குள் குண்டு நிரப்பிய துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்ற மசோதா, திருநர் சிறாருக்கான சிகிச்சைக்குத் தடை, எல்லாமே அவர் மேசையோடு நின்றன. ஓர் ஆளுநரின் கொள்கை என்ன என்று தெரிந்துகொள்ள அமெரிக்காவில் இந்தப் பட்டியலைத்தான் புரட்டுவார்கள், சட்டமன்றத்தில் இருந்த காலத்தில் எதற்கு ஓட்டுப் போட்டார், ஆளுநரானபின் எதை நிறுத்தினார் என்று. ஆனால் விஸ்கான்சினைப் பொறுத்தவரை அந்தப் பட்டியல் பாதிக் கதைதான். மீதிப் பாதி, கையெழுத்துப் போட்ட மசோதாக்களுக்குள்ளே இருக்கிறது. எதை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார் என்று பார்க்க வேண்டும்.

இப்போது இந்த வீடியோவில் எனக்கு ரொம்பப் பிடித்த இடத்துக்கு வருகிறோம், கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

1930-இல் விஸ்கான்சின் மக்கள் தங்கள் அரசியலமைப்பில் ஒரு திருத்தம் செய்தார்கள். பணம் ஒதுக்கும் மசோதாக்களை ஆளுநர் முழுதாகவோ பகுதியாகவோ ஏற்கலாம், ஏற்ற பகுதி சட்டமாகும். நோக்கம் நல்லதுதான், ஒரே பட்ஜெட்டில் நூறு விஷயங்களைத் திணித்து "எடுத்தால் எல்லாம், விட்டால் எல்லாம்" என்று ஆளுநரை நெருக்கக் கூடாது. ஆனால் "பகுதி" என்றால் எவ்வளவு? ஒரு பத்தியா, ஒரு வாக்கியமா, ஒரு சொல்லா, ஒரே ஒரு இலக்கமா? அதைச் சொல்லவே இல்லை.

நாற்பது வருஷத்துக்கு மேல் யாரும் இதைப் பெரிதாகச் சோதிக்கவில்லை. 1973-இல் ஆளுநர் பேட்ரிக் லூசி நெடுஞ்சாலைகளுக்கான 25 மில்லியன் டாலரில் 2-ஐ மட்டும் அடித்தார், 5 மில்லியன் ஆகிவிட்டது! இரண்டு வருஷம் கழித்து, சுற்றுலா விளம்பரச் செலவு பற்றிய ஒரு விதியில் "50 சதவீதத்துக்குக் குறையாமல்" என்ற பொருளில் எழுதியிருந்ததில் மறுப்புச் சொல்லை மட்டும் எடுத்தார், "50 சதவீதத்துக்குக் குறைவாக" என்று ஆனது. கீழ்வரம்பு மேல்வரம்பாகத் தலைகீழாகிவிட்டது. 1983-இல் ஆண்டனி ஏர்ல் இன்னும் ஒரு படி மேலே போய் எழுத்து எழுத்தாக அடிக்க ஆரம்பித்தார், 121 சொற்கள் கொண்ட ஐந்து வாக்கியங்கள் 22 சொற்கள் கொண்ட ஒரே வாக்கியமாயின.

அடுத்து வந்தவர் குடியரசுக் கட்சியின் டாமி தாம்ப்சன். சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவராக இருந்தபோது எதற்கெடுத்தாலும் எதிர்த்து நின்றதால் "டாக்டர் நோ" என்று பெயர் வாங்கியவர், ஆளுநரானதும் அதே வேகத்தைப் பேனாவில் காட்டினார். 1991-இல் ஒரே பட்ஜெட்டில் 457 இடங்களில் பகுதி வீட்டோ! எழுத்துகளை அடித்து மிச்ச எழுத்துகளைக் கோத்துப் புதுச் சொல் உண்டாக்கும் வித்தைக்கு, தொலைக்காட்சிப் போட்டியில் எழுத்துப் பலகையைத் திருப்பும் வானா ஒயிட்டின் பெயரையே வைத்துவிட்டார்கள், "வானா ஒயிட் வீட்டோ". நீதிமன்றம் 1988-இல் அதுவும் செல்லும் என்றது. மக்கள்தான் 1990-இல் ஓட்டுப் போட்டு அதைத் தடை செய்தார்கள். எழுத்தை அடித்துப் புதுச் சொல் உண்டாக்கக் கூடாது.

நல்லது, சொல்லை உண்டாக்கக் கூடாது, வாக்கியத்தை உண்டாக்கலாமே? 2005-இல் ஜனநாயகக் கட்சி ஆளுநர் ஜிம் டாய்ல் 752 சொற்கள் கொண்ட பகுதியில் 20 சொற்களை மட்டும் விட்டுவைத்து, போக்குவரத்து நிதியிலிருந்து 427 மில்லியன் டாலரைப் பொது நிதிக்கு மாற்றும் ஒரு வாக்கியத்தைச் செய்துவிட்டார். செத்த உடல்களின் துண்டுகளைத் தைத்து உயிர் கொடுத்த கதையை வைத்து இதற்கு "ஃபிராங்கன்ஸ்டைன் வீட்டோ" என்று பெயர். 2008-இல் மக்கள் மறுபடி வாக்குச்சாவடிக்குப் போய் இதையும் தடுத்தார்கள். இரண்டு வாக்கியங்களின் துண்டுகளை ஒட்டிப் புது வாக்கியம் உண்டாக்கக் கூடாது.

கவனித்தீர்களா? ஒவ்வொரு முறையும் அடைத்தது அந்த ஒரு ஓட்டையை மட்டும்தான். இலக்கங்களை அடிப்பதை யாருமே தடுக்கவில்லை.

2017. குடியரசுக் கட்சி ஆளுநர் ஸ்காட் வாக்கர். பள்ளிகள் மின்சாரச் சிக்கன வேலைகளுக்கு வரம்பைத் தாண்டிப் பணம் திரட்ட ஒரு சலுகை இருந்தது, அதை 2018 டிசம்பர் 31 வரை நிறுத்திவைக்கலாம் என்று சட்டமன்றம் எழுதியது. ஆங்கில முறையில் மாதம், தேதி, காற்புள்ளி, ஆண்டு என்று வரும்.

[திரையில்: "டிசம்பர் 31, 2018". அதில் 1, காற்புள்ளி, 2 ஆகியவை மறைகின்றன. "டிசம்பர் 3018"]

ஆயிரம் வருஷம்! ஒரு வருஷத் தடை ஆயிரம் வருஷத் தடையாகிவிட்டது. வழக்குப் போட்டார்கள், ரொம்பத் தாமதமாக வந்தீர்கள் என்று 2020-இல் நீதிமன்றம் தள்ளிவிட்டது. 2017-க்கு ஆறு வருஷம் கழித்து, அதே வாக்கரைத் தேர்தலில் தோற்கடித்து வந்த எவர்ஸ், அதே பள்ளி வரம்பு விஷயத்தில், அதே இலக்க வித்தையை எதிர்த்திசையில் செய்கிறார். ஒருவர் ஆயிரம் வருஷத்துக்குக் கதவைச் சாத்தினார், இன்னொருவர் நானூறு வருஷத்துக்குத் திறந்துவிட்டார். இரண்டு கட்சியுமே அடுத்தவர் செய்யும்போது மட்டும்தான் சத்தம் போடுகின்றன. இதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

ஏனென்றால் எவர்ஸ் எதற்காகச் செய்தாரோ அது நியாயமான விஷயம். அவர் ஆசிரியராக இருந்தவர், மாநிலத்தின் பள்ளிக்கல்வித் துறைத் தலைவராகவும் இருந்தவர். 1993-இல் வந்த இந்த வரம்பு, 2009 வரை விலைவாசியோடு சேர்ந்து ஏறியது, அப்புறம் அந்தத் தொடர்பை அறுத்துவிட்டார்கள். 2021-லிருந்து இரண்டு வருஷம் ஒரு டாலர்கூட ஏற்றவில்லை. பள்ளிகள் திணறின. ஆனால் இரண்டு வருஷத்துக்கு என்று ஓட்டுப் போட்ட உறுப்பினர்களின் ஓட்டை நானூறு வருஷத்துக்கான ஓட்டாக மாற்ற ஒரு தனி ஆளுக்கு அதிகாரம் இருக்கக் கூடாது என்றுதான் நான் நினைக்கிறேன், அந்த ஆள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். அதே பட்ஜெட்டில் 350 கோடி டாலர் வருமான வரிக்குறைப்பை 17.5 கோடியாகச் சுருக்கினாரே, அதில் எனக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை. அங்கே மேல்தட்டுக்கான குறைப்புகளை வேண்டாம் என்று எடுத்தார், யாரும் எழுதாத ஒன்றை உண்டாக்கவில்லை.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்ல வேண்டும், பலர் இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். 325 டாலர் அரசு கொடுக்கும் பணமில்லை, திரட்டிக்கொள்ள அனுமதி மட்டும்தான். மாநில அரசு உதவியைக் கூட்டாவிட்டால் பள்ளி மாவட்டம் சொத்து வரியைத்தான் ஏற்ற வேண்டும், அதாவது வீட்டுக்காரர் தலையில். 2025-இல் போட்ட பட்ஜெட்டில் சிறப்புக் கல்விக்கு உதவி கூடியது, பொதுவான பள்ளி உதவி கூடவில்லை. 400 வருஷம் என்றே வைத்துக்கொண்டு 325-ஆல் பெருக்கிப் பாருங்கள், ஒரு மாணவருக்கான வரம்பு 1,30,000 டாலர் ஏறியிருக்கும்.

விஷயம் மாநில உச்ச நீதிமன்றம் போனது. 2025 ஏப்ரல் 18 அன்று தீர்ப்பு, 4-க்கு 3. செல்லும்! பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஜில் கரோஃப்ஸ்கி. ஒரு சுவாரசியம், இதற்குப் பத்து நாள் முன்னால்தான், ஏப்ரல் 8 அன்று, நம் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டு ஆளுநர் நிறுத்திவைத்த 10 மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கருத வேண்டும் என்று சொன்னது. இங்கே ஆளுநர் மசோதாவை அப்படியே வைத்திருந்தது வழக்கு, அங்கே கையெழுத்துப் போட்ட விதமே வழக்கு. எது மோசம் என்று நினைக்கிறீர்கள்? கமெண்டில் எழுதுங்கள், நான் உட்கார்ந்து படிக்கிறேன்.

ஆனால் கதை ஏப்ரலோடு முடியவில்லை. பகுதி வீட்டோ போட வேண்டுமென்றால் அது பணம் ஒதுக்கும் மசோதாவாக இருக்க வேண்டும், இல்லையா? சட்டமன்றம் அதை ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருந்தது. பிள்ளைகளுக்கு வாசிப்புக் கற்பிக்கும் திட்டத்துக்கு 5 கோடி டாலரை ஓர் இடத்தில் ஒதுக்கி வைத்துவிட்டு, அதை எப்படிச் செலவிடுவது என்பதை வேறொரு மசோதாவில் எழுதியது. எவர்ஸ் வழக்கம்போல அந்த இரண்டாவது மசோதாவிலும் சில பகுதிகளை அடித்தார். 2025 ஜூன் 25 அன்று அதே நீதிமன்றம், இது பணம் ஒதுக்கும் மசோதாவே இல்லை, இதில் பகுதி வீட்டோ செல்லாது என்றது. 7-க்கு 0. ஏப்ரலில் அவர் பக்கம் நின்ற நான்கு பேரும் இதில் எதிர்ப்பக்கம். எவர்ஸ் மூன்றாவது முறை போட்டியிடப் போவதில்லை என்று அடுத்த மாதமே அறிவித்துவிட்டார், ஆனால் 2425 அப்படியேதான் இருக்கிறது. மாற்ற வேண்டுமென்றால் சட்டமன்றம் புதுச் சட்டம் கொண்டுவந்து ஓர் ஆளுநரின் கையெழுத்தை வாங்க வேண்டும், கிடைக்காவிட்டால் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டைத் தேட வேண்டும்.