கை தூக்கியவர்களே கட்சியை நடத்தினார்கள்

நடுவர் அவர்களே, கோபிச்செட்டிபாளையத்துப் பெரியோர்களே, வணக்கம். கட்சி மாநாடுகளின் வரலாற்றை எழுதியது மேடையில் இருந்த தலைவர்களா, ஊரிலிருந்து போன பிரதிநிதிகளா என்பது தலைப்பு. அவர்கள் வெறும் தலையாட்டிகள் என்கிறது எதிரணி. இல்லை, பிரதிநிதிகளே என்று சொல்ல நான் வந்திருக்கிறேன்.

எங்கள் அப்பாரு, அதாவது தாத்தா, 1955 ஜனவரியில் ஆவடி காங்கிரசுக்குப் பிரதிநிதியாகப் போனவர். தோளில் பவானி ஜமக்காளம், கையில் கட்டுச்சோத்து மூட்டை, ஈரோடு ஜங்ஷனில் ராத்திரி வண்டி. திரும்பி வந்த அன்று திண்ணை நிறைய ஆள். சோசலிச மாதிரி சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் போட்டிருக்கிறார்கள் என்றாராம். "சரி, நம்ம வெள்ளாமைக் காட்டுக்குத் தண்ணி வருமா?" என்று ஒருவர் கேட்டாராம். அப்பாருவிடம் பதில் இல்லை. பென்சிலால் எழுதி வைத்தார். அந்த நோட்டு இன்றும் எங்கள் வீட்டில் இருக்கிறது: 'காட்டுக்குத் தண்ணி. அடுத்த கூட்டத்தில் கேட்கணும்.' ஊருக்குச் சேதி கொண்டுவந்தவரும் அவரே, ஊரின் கேள்வியை எடுத்துப் போனவரும் அவரே. எந்தத் தலைவர் எங்கள் திண்ணைக்கு வந்தார்?

எதிரணி நண்பர் 1885-ஐச் சொன்னார். காங்கிரசின் முதல் மாநாட்டுக்குப் பம்பாயில் கூடிய 72 பேரை எந்த ஊரும் தேர்ந்தெடுத்து அனுப்பவில்லை என்றார். உண்மைதான். ஆனால் அதே காங்கிரஸ் 1920-ல் நாகபுரியில் என்ன செய்தது? ஐம்பதாயிரம் மக்களுக்கு ஒரு பிரதிநிதி என்று விதியையே மாற்றி எழுதியது. அந்த மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் நம் சேலம் விஜயராகவாச்சாரியார். தலைவர்களே போதும் என்றால் அந்தக் கணக்கு எதற்கு?

1939-க்கு வருகிறேன். காங்கிரஸ் தலைவர் தேர்தலில் காந்தியடிகள் ஆதரித்தது பட்டாபி சீதாராமய்யாவை. நாடு முழுக்கப் பிரதிநிதிகள் ஓட்டுப் போட்டார்கள். எதிர்த்து நின்ற சுபாஷ் சந்திர போஸுக்கு 1580, பட்டாபிக்கு 1377. காந்தியின் சொல்லையே மீறி ஓட்டுப் போட்டவர்களைத் தலையாட்டிகள் என்கிறீர்களே, மனசு ஒப்புகிறதா? மூன்று மாதத்தில் சுபாஷ் விலக வேண்டியதாயிற்றே என்பீர்கள். ஆயிற்று, எனக்கும் அது வலிக்கிறது. ஆனால் காந்தியின் விருப்பப்படியே செயற்குழுவை அமை என்று அவர் கையைக் கட்டிப்போட்ட திரிபுரி மாநாட்டுத் தீர்மானத்தைத் தலைவர்கள் தங்களுக்குள் பேசி முடித்துவிட முடிந்ததா? அதற்கும் பிரதிநிதிகளின் கையைத்தானே உயர்த்தச் சொல்ல வேண்டியிருந்தது?

அப்புறம் நம் சேலம். 1944 ஆகஸ்ட் 27. நீதிக்கட்சி திராவிடர் கழகம் ஆன நாள். பெரியார் இருந்தார், அண்ணா தீர்மானம் கொண்டுவந்தார், அதை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன். ஆனால் அந்தத் தீர்மானம் என்ன கேட்டது? வெள்ளைக்காரன் கொடுத்த ராவ்பகதூர், திவான்பகதூர் பட்டங்களைத் தூக்கிப் போடு, கௌரவப் பதவிகளை விடு என்றது. ராஜாக்களும் ஜமீன்தார்களும் நடத்திய கட்சி அது. அவர்கள் மட்டுமே பந்தலில் இருந்திருந்தால் அது நிறைவேறியிருக்குமா? பட்டமே இல்லாதவன், இழக்க ஒன்றும் இல்லாதவன், ஊரிலிருந்து வந்து பந்தலில் உட்கார்ந்திருந்தான். தீர்மானம் நின்றது அவன் பலத்தில்.

பெயர் தெரியாத அந்த ஆட்களுக்காகக் கேட்கிறேன், நடுவர் அவர்களே. தீர்ப்பை அவர்கள் பக்கம் சொல்லுங்கள்.