சுமை அதிகம் காத்திருப்பவருக்கே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மலையேற்றத்தில் பெரிய சுமை ஏறுபவருக்கா, வீட்டில் காத்திருப்பவருக்கா என்ற கேள்விக்கு, ஏறுபவருக்கே என்று எதிரணித் தலைவர் மூச்சு வாங்க முழங்கிவிட்டு அமர்ந்திருக்கிறார். எவரெஸ்ட் உச்சியில் கடல்மட்டத்தில் கிடைக்கும் ஆக்சிஜனில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும் என்றார். விரல்கள் கறுத்து உதிரும் என்றார். அத்தனையும் உண்மை. ஆனால் ஐயா, அவரை அங்கே போகச் சொன்னது யார்? மாமியாரா?

மலையில் இருப்பவருக்குக் கை நிறைய வேலை இருக்கிறது. கயிற்றில் கொக்கியை மாட்ட வேண்டும், பனியை உருக்கித் தண்ணீர் காய்ச்ச வேண்டும், அடுத்த அடியை எங்கே வைப்பது என்று பார்க்க வேண்டும். பயப்படுவதற்குக்கூட நேரம் ஒதுக்கித்தான் பயப்பட முடியும். வீட்டில் இருப்பவருக்கு அந்த வசதி கிடையாது. சோறு வடிக்கும்போதும் பயம், பிள்ளையைத் தூங்கவைக்கும்போதும் பயம். அந்தப் பயத்தைப் பிள்ளையிடம் காட்டவும் கூடாது.

1996 மே 10. நியூசிலாந்து வழிகாட்டி ராப் ஹால் எவரெஸ்ட் உச்சியைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது புயலில் சிக்கினார். தெற்கு முகடு என்னும் இடத்தில், ஏறத்தாழ 8,750 மீட்டர் உயரத்தில், நகர முடியாமல் உட்கார்ந்துவிட்டார். அவருடைய மனைவி ஜான் ஆர்னால்ட் அப்போது நியூசிலாந்தில், ஏழு மாதக் கர்ப்பிணி. அடிவாரமுகாமில் இருந்தவர்கள் ராப்பின் வாக்கி டாக்கியைச் செயற்கைக்கோள் தொலைபேசியோடு இணைத்து இருவரையும் பேசவைத்தார்கள்.

நடுவர் அவர்களே, இந்த ஜான் யார் தெரியுமா? மருத்துவர். அதோடு, 1993இல் இதே கணவருடன் இதே எவரெஸ்டில் ஏறி இறங்கியவர். அந்த முகட்டில் மாட்டிக்கொண்டால் நிலாவில் மாட்டிக்கொண்டதற்குச் சமம், யாரும் வந்து தூக்க முடியாது என்று கணவனும் மனைவியும் முன்பே பேசிக்கொண்டதும் உண்டு. ஆகவே தொலைபேசியைக் கையில் எடுத்தபோது, எதிர்முனையில் இருப்பவருடைய நிலைமை அவருக்கு அங்குலம் அங்குலமாகத் தெரியும். தெரிந்துகொண்டே நம்பிக்கையாகப் பேசினார். பிறக்கப்போகும் குழந்தைக்குப் பெயரையும் பேசி முடித்தார்கள். 'நன்றாகத் தூங்கு, அதிகம் கவலைப்படாதே' என்பதுதான் ராப் கடைசியாகச் சொன்னது. இரண்டு மாதம் கழித்துப் பெண் குழந்தை பிறந்தது. எவரெஸ்டில் ஏறவும் ஏறி, வீட்டில் காத்திருக்கவும் காத்திருந்த இவரைவிடப் பெரிய சாட்சியை எதிரணி கொண்டுவரட்டும், நான் உட்கார்ந்துவிடுகிறேன்.

ராப் ஹாலின் அதே குழுவில்தான் அமெரிக்கர் பெக் வெதர்ஸும் போயிருந்தார். உறைபனியில் கிடந்த அவரை, இனிப் பிழைக்க மாட்டார் என்று விட்டுவிட்டு வந்தார்கள். டல்லாஸ் நகரில் இருந்த அவருடைய மனைவி பீச் என்பவருக்கு, கணவர் இறந்துவிட்டதாகத் தொலைபேசி வந்தது. சில மணி நேரத்தில் இன்னோர் அழைப்பு: உயிரோடு இருக்கிறார், ஆனால் நிலைமை மோசம். மனிதர் தானாகவே எழுந்து முகாமுக்கு நடந்து வந்திருக்கிறார்! சபாஷ், கைதட்டுவோம். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததற்கும் சேர்த்துக் கைதட்டுங்கள். கணவர் திரும்பி வந்ததும் விவாகரத்து என்று முடிவுசெய்திருந்த அந்தப் பெண்மணி, தோழிகளோடு வீட்டில் உட்கார்ந்து தொலைபேசியைச் சுழற்றினார். அரசியல்வாதிகள், தூதரகம், ஒருவரையும் விடவில்லை. கடைசியில் நேபாள ராணுவ விமானி மதன் கத்ரி சேத்ரி, ஏறத்தாழ 6,000 மீட்டர் உயரத்தில் ஹெலிகாப்டரை இறக்கி அவரைக் கொண்டுவந்தார். பெக் வலக்கையின் ஒரு பகுதியையும் மூக்கையும் இழந்தார். விவாகரத்து நடக்கவில்லை. காத்திருப்பது என்றால் கையைக் கட்டிக்கொண்டு சன்னலைப் பார்ப்பது என்று எதிரணி நினைத்திருந்தால், தயவுசெய்து மாற்றிக்கொள்ளுங்கள்.

'உயிரை விடுகிறவர் ஏறுபவர்தானே?' என்று கேட்டார்கள். உயிரை விட்டவருக்குச் சுமை அன்றோடு இறங்கிவிட்டது. எவரெஸ்டில் ஏறப் போன பிரிட்டிஷ் மலையேறி ஜார்ஜ் மல்லோரி 1924 மே 27 அன்று மனைவி ரூத்துக்கு எழுதிய கடிதத்தில், வெற்றிக்கு எதிராக ஐம்பதுக்கு ஒன்று என்று தானே பந்தயக் கணக்குப் போட்டார். மூன்று பிள்ளைகளின் தகப்பன் போடுகிற கணக்கா இது? ஜூன் 8 அன்று மறைந்தார். உடல் கிடைத்தது 1999இல். ரூத் 1942லேயே காலமாகிவிட்டார். தன் கணவர் எங்கே கிடக்கிறார் என்று தெரியாமலேயே அந்த அம்மா போய்ச் சேர்ந்தார்.

நம் முன்னோர் இதில் தெளிவாக இருந்தார்கள். காத்திருப்பதற்கென்றே முல்லைத் திணையை வைத்தார்கள், அதன் உரிப்பொருளே 'இருத்தல்'. மலைக்குக் குறிஞ்சி இருக்கிறதே என்று எதிரணி துள்ள வேண்டாம். அது மலையில் கூடுவதற்கு, ஏறுவதற்கு இல்லை!

இவர்களாவது ஆசைப்பட்டுப் போனவர்கள். ஏறுபவர்களுக்கு வழிகாட்டவும் சுமை தூக்கவும் கூலிக்குப் போகிற நேபாள மலைவாசி ஷெர்பாவின் மனைவியை நினைத்துப் பாருங்கள். 2014 ஏப்ரல் 18 அன்று எவரெஸ்ட் பாதையிலுள்ள கும்பு பனியருவியில் பனி சரிந்து 16 நேபாளிகள் மாண்டார்கள். அரசு முதலில் அறிவித்த உதவி குடும்பத்துக்கு 40,000 நேபாள ரூபாய். ஓர் உச்சிக்கனவுக்காக வெளிநாட்டார் செலவழிக்கும் பல்லாயிரம் டாலருக்கு முன்னால் அது வெறும் சில்லறை. அதிலும் அந்தக் கனவு இன்னொருவருடையது, காத்திருப்பு மட்டும் இவர்களுடையது.

அந்தப் பனிச்சரிவில் கணவரை இழந்தவர் நிமா தோமா. அதற்கு முந்தைய ஆண்டு, இதே மலையில் பாதை அமைக்கும் வேலையில் கணவரை இழந்தவர் ஃபுர்திகி. இருவரும் பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு 2019 மே 23 அன்று எவரெஸ்டில் ஏறி நின்றார்கள். இதைச் சொன்னால் எனக்கே ஆபத்து, எதிரணி 'பார்த்தீர்களா, அவர்களும் ஏறினார்களே' என்பார்கள். ஏறினார்கள்தான். காத்திருந்து முடித்த பிறகு ஏறினார்கள்.

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பரே, ஒலிவாங்கியைத் தொடும் முன் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். அந்த இருவரிடம் போய் 'எது கனம், அந்த ஏற்றமா, கணவரைப் பற்றித் தகவல் வரும்வரை வீட்டில் இருந்த நேரமா?' என்று கேட்டால், என்ன சொல்வார்கள் என்று நினைக்கிறீர்கள்?