தலைக்கணக்கும் தார்ச்சாலையும்

நேயர்களுக்கு வணக்கம்.

மக்கள் தொகைக் கணக்கெடுப்பு என்றதும் தொகுதி, இட ஒதுக்கீடு என்றுதான் பேசுகிறோம். ஒரு குக்கிராமத்துக்குத் தார்ச்சாலை வருமா வராதா என்பதையும் அதே கணக்குதான் முடிவு செய்கிறது. இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் 2000 டிசம்பர் 25 அன்று தொடங்கியது. சமவெளியில் 500 பேர், மலை, பாலைவனம், பழங்குடிப் பகுதிகளில் 250 பேர் இருந்தால்தான் அந்தக் குடியிருப்பு பட்டியலில் வரும். அப்போது எடுத்துக்கொண்டது 2001-ஆம் ஆண்டுக் கணக்கு. 2024-இல் ஒப்புதல் பெற்ற நான்காம் கட்டத்துக்கு 2011-ஆம் ஆண்டுக் கணக்கு. இதில் 25,000 குடியிருப்புகளுக்குச் சாலை போடப் போகிறார்கள். நல்ல திட்டம், லட்சக்கணக்கான மக்களுக்குப் பயன்பட்டிருக்கிறது. ஆனால் சமவெளியில் 480 பேர் இருக்கும் ஊர் என்ன செய்யும்?

இன்னொன்றையும் யோசியுங்கள். பஸ் வராத ஊரில் பிள்ளை ஆறாம் வகுப்புக்குப் போகும் வயது வந்ததும் குடும்பம் டவுனில் வாடகை வீடு தேடுகிறது. இளைஞர்கள் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் போய்விடுகிறார்கள். அந்த ஊருக்குப் பெண் கொடுக்கவே யோசிக்கிறார்கள். சாலை இல்லாததால் ஆள் குறைகிறது; ஆள் குறைந்ததால் சாலை கிடைப்பதில்லை. இந்தச் சுழலில் மாட்டிய ஊரில் மிஞ்சுவது வயதானவர்கள். ஆஸ்பத்திரிக்கு அதிகம் போக வேண்டியவர்களும் அவர்கள்தான். நாமக்கல் மாவட்டம் போதமலையில் கீழூர், மேலூர், கெடமலை என்று மூன்று ஊர்கள். வாகனம் ஏறப் பாதை இல்லாமல், தேர்தலுக்குத் தேர்தல் வாக்குப்பதிவு இயந்திரங்களை அதிகாரிகள் நடந்தே சுமந்து போன இடம் அது. நோயாளியைத் தூளி கட்டித் தூக்கி வந்த மலைகள் தமிழ்நாட்டில் அது ஒன்று மட்டுமல்ல.

சமவெளியில் சிக்கல் வேறு மாதிரி. தமிழ்நாட்டில் கணக்கெடுப்புப் பட்டியலில் உள்ள கிராமங்கள் சுமார் 16,000. குக்கிராமங்களோ 79,000-க்கும் மேல். அதாவது பட்டியலில் உள்ள ஒரு கிராமத்துக்குள் சராசரியாக ஐந்து ஊர்கள். கணக்கெடுப்பின் கிராம விவரத்தில் பஸ் வசதி உண்டா, இல்லையென்றால் 5 கிலோமீட்டருக்குள்ளா, 10-க்குள்ளா, அதற்கும் மேலா என்று குறிப்பார்கள். தாய்க் கிராமத்தில் பஸ் நின்றால் ‘உண்டு’ என்று பதிவாகிவிடும். மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கிற காலனிக்காரர் வெயிலில் நடப்பது அந்தத் தாளில் வராது.

அப்புறம், சாலை வந்தால் பஸ் வந்துவிடும் என்றும் இல்லை. வசூல் இல்லாத தடத்தில் முதலில் குறைவது மதிய நடை, பிறகு ராத்திரி நடை. இந்தக் குறையைத் தீர்க்கத்தான் 1997-இல் மினி பஸ் கொண்டுவந்தார்கள். 2025-இல் அதற்குப் புதிய திட்டமும் வந்தது. 2021 முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. களையெடுக்கப் போகிற, பூ விற்கப் போகிற பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி! ஆனால் பஸ்ஸே எட்டிப் பார்க்காத ஊர்ப் பெண் ஷேர் ஆட்டோவுக்குக் காசு கொடுத்துக்கொண்டேதான் இருக்கிறாள்.

தலையை மட்டும் எண்ணிச் சாலை போடுவது நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் எவ்வளவு தூரம், உயர்நிலைப் பள்ளி எவ்வளவு தூரம், ஒரு நாளைக்கு எத்தனை நடை, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தூரம் அதிகமான சின்ன ஊருக்குத்தான் முன்னுரிமை தர வேண்டும்.

சரி, நாம் என்ன செய்யலாம்? 2027 கணக்கெடுப்புக்கு ஆள் வரும்போது வெளியூரில் தங்கிப் படிக்கும் பிள்ளை, வேலைக்குப் போனவர் பற்றியெல்லாம் கேட்கிற கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லுங்கள். மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று கிராம சபை கூடும் நாட்களில் உங்கள் குக்கிராமத்தின் பெயர் சாலைப் பட்டியலில் தனியாக இருக்கிறதா என்று ஊராட்சியில் கேளுங்கள். இல்லையென்றால், ஊரின் பெயர், வீடுகளின் எண்ணிக்கை, பஸ் நிற்கும் இடத்துக்கு உள்ள தூரம் ஆகிய மூன்றையும் எழுதித் தீர்மானமாகப் போடச் சொல்லுங்கள். தீர்மான நகல் ஒன்றைக் கையில் வாங்கிக்கொண்டு, இன்னொன்றை வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் கொடுத்து ரசீது பெறுங்கள்.

நன்றி, வணக்கம்.