பசை பூசும் முன்னால்

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கமுங்க. சைக்கிள் டியூப்புக்குப் பஞ்சர் ஒட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருப்பீர்கள். ஓட்டையைக் கண்டதும் யாரும் நேரே சொல்யூஷன் போட மாட்டார்கள். உப்புத்தாளால் பரபரவென்று தேய்த்து, துடைத்து, சொல்யூஷன் தடவி, காயவிட்டு, அப்புறம்தான் பேட்ச். தேய்க்காமல் ஒட்டினால் ரெண்டாம் நாளே உரிந்து வரும். விமானத் தகட்டுக்கும் இந்தப் பாடம்தான், அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

அரை மில்லிமீட்டரோ அதற்கும் குறைவாகவோ அலுமினியத் தகடு, அதன்மேல் ரெசினில், அதாவது இறுகிப் பசையாகிற பிசினில், ஊறிய கண்ணாடி ஃபைபர், மறுபடி தகடு என்று அடுக்கி, சூட்டிலும் அழுத்தத்திலும் ஒரே பலகையாக்குகிறார்கள். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் உருவான 'கிளேர்' இந்த வகைதான், 2005-இல் முதன்முதலாகப் பறந்த ஏர்பஸ் ஏ380-இன் மேல் உடற்பகுதியில் அது இருக்கிறது. அலுமினியத்தில் விரிசல் விழுந்தாலும் ஃபைபர் இரண்டு கரையையும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அடுக்குகளுக்கு நடுவே பிடிப்பு இல்லையென்றால், ஒரு கல் அடித்தாலே போதும், வெளியே சின்னப் பள்ளம்தான் தெரியும், உள்ளே அகலமாகப் பிரிந்து கிடக்கும்.

சில வருடம் முன்பு பஸ் பாடிக்கு இப்படி ஒரு பக்கப் பலகை மாதிரிக்குச் செய்தோம். எபாக்சிப் பசை நல்ல விலை கொடுத்து வாங்கியது, தகட்டை மட்டும் தின்னரில் நனைத்த பஞ்சு வேஸ்ட்டால் ஒரு துடை துடைத்ததோடு சரி. ஒரு மழைக்காலம் வெளியே கிடந்த பிறகு ஓரத்தில் ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினேன், வாழைப்பட்டை போல உரிந்து வந்தது. உள்ளே தகடு பளபளவென்று மின்னியது, பொட்டுப் பசை இல்லை. பசை உடைந்திருந்தால் இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கும். தகடு அப்படி மின்னினால், பசை அதைப் பிடிக்கவேயில்லை என்று அர்த்தம்.

தகடு உருட்டும்போது பட்ட எண்ணெய், நம் கைரேகை, இதெல்லாம் துடைத்தால் போகாது. கழுவிய தகட்டைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஒரே படலமாக இறங்கினால் சுத்தம், தாமரை இலைத் தண்ணீராக முத்து முத்தாய் உருண்டால் எண்ணெய் இன்னும் இருக்கிறது.

அதன்பின் காரத்திலும் அமிலத்திலும் முக்கி, தகட்டின்மேல் காற்று பட்டுப் படிந்த பழைய ஆக்சைடுப் படலத்தைக் கரைத்துவிட்டு, பாஸ்பாரிக் அமிலத் தொட்டியில் 10 வோல்ட் அளவில் மின்சாரம் கொடுத்து 20, 25 நிமிடம் வைத்தால் புது ஆக்சைடு வளரும், தேன்கூடு மாதிரி கண்ணுக்குத் தெரியாத துளைகளோடு. இதைத்தான் அனோடைசிங் என்கிறோம். ரெசின் அதற்குள் இறங்கி இறுகும். கோவையில் ஜன்னல் ஃப்ரேமுக்கு அனோடைசிங் செய்யும் பட்டறைக்காரர்கள் இதைக் கவனிக்க வேணுமுங்க: அது கந்தக அமில முறை, கடைசியில் வெந்நீரில் போட்டுத் துளைகளை அடைத்துவிடுவீர்கள். ஜன்னலுக்கு அது சரி. ஒட்டுகிற தகட்டில் துளை அடைந்தால் ரெசின் எங்கே போய் இறங்கும்?

ஈரத்தைத் தாங்குவதிலும் பாஸ்பாரிக் தொட்டியில் வளர்ந்த, பாஸ்பேட் கலந்த படலம் கெட்டி. ஈரம் என்ன செய்யும் என்பதற்கு ஒரு சாட்சி சொல்கிறேன். 1988 ஏப்ரலில் ஹவாய் வானத்தில் ஒரு போயிங் 737-இன் கூரை பிய்ந்து போனதற்கு வேர் எங்கே என்றால், பசை போட்ட தகட்டு இணைப்புகளில் ஒட்டு விட்டு, ஈரம் இறங்கி அரித்து, சுமை முழுக்க ரிவெட்டுகள் மேல் விழுந்து, அங்கிருந்து விரிசல்கள் கிளம்பியதில்தான்.

குரோமிக் அமிலத்தில் செய்யும் பழைய முறையும் நன்றாகப் பிடிக்கும், ஆனால் அதிலிருக்கும் குரோமியம் புற்றுநோய் தரும். ஆலைக் கழிவால் நொய்யல் ஆறு பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்தவன் நான், அந்தத் தொட்டியே வேண்டாம் என்றுவிட்டேன். அனோடைசிங் முடிந்த அன்றைக்கே சைலேன் கரைசல் பூசுகிறோம், அதன் ஒரு முனை ஆக்சைடைப் பிடிக்கும், மறுமுனை ரெசினைப் பிடிக்கும். அப்படிச் செய்த பலகையையும் ஒரு மழைக்காலம் வெளியே போட்டு, அதே ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினேன். ரொம்ப நேரம் போராடிய பிறகுதான் ஓரம் விட்டது, தகடு நெடுகப் பிய்ந்த ஃபைபர் ஒட்டிக்கொண்டிருந்தது.