கயிற்றை முழுதாக விட்டவர்கள்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, அருட்தந்தையர்களே, அருட்சகோதரிகளே, வாடைக்காற்றையும் மழையையும் பாராமல் இந்த நத்தார் ஒளிவிழா மண்டபத்தை நிறைத்திருக்கும் திருகோணமலை உறவுகளே, அனைவருக்கும் என் அன்பான வணக்கம்.

சோதனை வந்த வேளையில் மனிதருக்கு வலிமையும் அமைதியும் தருவது முழுமனத்து இறைபக்தியா, உற்றார் உறவினரின் துணையா என்பது இன்றைய வினா. இறைபக்தியே என்று சொல்ல நான் எழுந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் மூன்று செய்திகளை உங்கள் முன் வைத்தார். ஆழிப்பேரலை வந்த அன்று எங்களைக் கரைசேர்த்தவை செபங்கள் அல்ல, அயலவரின் கைகளும் வள்ளங்களுமே என்றார். நேர்த்தி வைக்கிறவரின் பக்தி கடவுளோடு நடத்தும் கொடுக்கல் வாங்கல்தான் என்றார். கடைசியாகக் குரலைத் தாழ்த்தி, கோணேசர் கோயிலை இடித்தவர்களும் சிலுவையை ஏந்திய பக்தர்கள்தாமே என்று கேட்டார். அந்தக் கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்லாமல் வேறு எதையும் பேச எனக்கு மனம் வரவில்லை.

ஆம், இடித்தார்கள். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கேயர் அந்தக் கோயிலை இடித்து, அதன் கற்களைக்கொண்டே கோட்டையைக் கட்டினார்கள். இன்று பிரெட்றிக் கோட்டை என்று நாம் அழைக்கும் அந்த வாசலைக் கடந்துதான் கோணேசரை வணங்க இன்றும் செல்கிறார்கள். ஒரு கிறிஸ்தவப் பெண்ணாக அந்த வாசலைக் கடக்கும்போதெல்லாம் எனக்குத் தலை குனிகிறது. ஆனால் அதைப் பக்தி என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர்கள் கடவுளுக்குக் கொடுத்தது கொடியை மட்டுமே. உள்ளத்தை அரசனுக்கும் வணிகத்துக்கும் பங்கிட்டுக் கொடுத்திருந்தார்கள்.

முழு உள்ளத்தையும் கொடுத்த ஒருவர் அதே நூற்றாண்டிலேயே இந்தத் தீவுக்கு வந்தார். கோவாவில் பிறந்த யோசேவ் வாஸ் அடிகளார் 1687ஆம் ஆண்டு பிச்சைக்காரக் கோலத்தில் யாழ்ப்பாணக் கரையை வந்தடைந்தார். அவருக்குப் பின்னால் படை இல்லை, கப்பல் இல்லை. கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தரோ கத்தோலிக்கக் குருக்களைத் தேடிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கண்டிக்குச் சென்றபோது போர்த்துக்கேய ஒற்றன் என்று ஐயுற்று அவரைச் சிறையிலிட்டார்கள். அந்தச் சிறையில் இருந்தபடியே அவர் சிங்களம் கற்றார். சில ஆண்டுகளுக்குப் பின் கண்டி நகரில் அம்மை நோய் பரவி, பெற்ற பிள்ளைகளே பெற்றோரைக் கைவிட்டு ஓடிய நாட்களில், அவர் ஓடாமல் தங்கி நோயாளரைக் கழுவி, உணவூட்டி, இறந்தவர்களை அடக்கம் செய்தார். பௌத்தரான கண்டி அரசர் அவரை மதித்து, நாட்டில் தடையின்றி நடமாட விட்டார். 1711இல் கண்டியிலேயே இறந்த அவரை 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக உயர்த்தினார்.

நடுவர் அவர்களே, எதிரணித் தலைவரின் வாதம் இங்கேதான் எனக்கு உதவுகிறது. உற்றார் உறவினரின் துணைதான் வலிமை என்றால், உற்றாரே விட்டோடிய வீட்டுக்குள் அந்நியர் ஒருவர் நுழைந்த வலிமை எங்கிருந்து வந்தது? அயலவரின் கை எங்களைத் தூக்கியது உண்மை. அந்தக் கை நீளக் காரணம் என்ன என்பதே என் கேள்வி. முதன்மையான கட்டளை எது என்று கேட்டவருக்கு இயேசு சொன்ன விடையில் ‘முழு’ என்ற சொல் நான்கு தடவை வருகிறது: முழு இதயத்தோடும், முழு உள்ளத்தோடும், முழு மனத்தோடும், முழு ஆற்றலோடும் ஆண்டவரிடம் அன்புகூர வேண்டும். மூச்சு விடுவதற்குள் அடுத்த கட்டளையையும் சொல்லிவிடுகிறார்: உன்மீது அன்புகூர்வதுபோல் அடுத்தவர்மீதும் அன்புகூர்வாயாக. எதிரணி இரண்டாம் கட்டளையைக் கையில் எடுத்துக்கொண்டு முதலாவதை நம்மிடம் தள்ளிவிடுகிறது. அவை ஒரே மூச்சில் வந்தவை. இரண்டையும் சேர்த்தே வாழ்ந்த ஒருவரைச் சொல்கிறேன். புனித சூசையப்பர் கல்லூரியில் எங்கள் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கிய அமெரிக்க இயேசு சபைக் குரு அருட்தந்தை யூஜின் ஹேபர்ட்டை இந்தச் சபையில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தம் நாட்டுக்குத் திரும்பிப் போகக்கூடியவராக இருந்தும், 1990இல் உள்நாட்டுப் போரில் கிழக்கு பற்றி எரிந்தபோது அவர் எங்களை விட்டுப் போகவில்லை. அந்த ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குச் செல்லும் வழியில், உடன் சென்ற தமிழ் இளைஞரோடு காணாமற்போனார்.

அடுத்து, கொடுக்கல் வாங்கல். இதில் எதிரணித் தலைவர் சொன்னதில் ஒரு பாதியை நான் ஏற்கிறேன். ‘பிள்ளை சோதனையில் தேறினால் மெழுகுதிரி, தேறாவிட்டால் கோபம்’ என்று வாழ்கிறவருக்கு அமைதி கிடைப்பதில்லை. அது பக்தியின் குற்றம் அல்ல. பாதியில் நிறுத்தியதன் விளைவு. இதை எனக்கு விளங்கவைத்தவர் என் அப்பா. அவர் இந்த ஊர்க் கடலில் தொழில் செய்தவர். சிறுமியாக இருந்தபோது ஒருநாள் வள்ளத்தில் உட்கார்ந்து, அவர் நங்கூரம் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் ஐந்து பாகந்தான் ஆழம்; விரித்த இரு கைகளின் நீளம் ஒரு பாகம். நங்கூரமும் தரையைத் தொட்டுவிட்டது. அவரோ கயிற்றை விட்டுக்கொண்டே இருந்தார். சுருள் சுருளாக ஈரக்கயிறு அவர் உள்ளங்கையை உரசிக்கொண்டு ஓட, ஏன் இவ்வளவு கயிறு என்று கேட்டேன். “கயிறு கட்டையாய் இருந்தா அலை தூக்கேக்க நங்கூரமும் சேர்ந்து கிளம்பிடும் பிள்ளை. நீளமா விட்டாத்தான் அது படுத்துக் கிடந்து நிலத்தைக் கவ்வும்” என்றார்.

நம்பிக்கையை உள்ளத்தின் நங்கூரம் என்று எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகம் சொல்கிறது. மறையுரைகளில் அந்த வசனத்தைக் கேட்கும்போதெல்லாம் அப்பாவின் கை எனக்கு நினைவுக்கு வரும். நங்கூரத்தில் குறையில்லை, நாம் கயிற்றைச் சுருட்டிக் காலடியில் வைத்துக்கொண்டு, இரண்டு பாகம் மட்டும் விட்டுப் பார்க்கிறோம். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம், நோய் வந்தால் ஒரு நவநாள், மற்றதெல்லாம் என் கையில் என்று இருக்கிறோம். பிறகு அலை தூக்கும்போது, பக்தி பிடிக்கவில்லை என்று முறையிடுகிறோம்.

முழுமனத்து பக்தி என்றால் எப்போதும் பாடிக்கொண்டிருப்பது என்று யாரும் எண்ண வேண்டாம். 2004 டிசெம்பர் 26, நத்தாருக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. அம்மா காலைத் திருப்பலிக்குப் போயிருந்தார். என் தம்பி கடற்கரையில் இருந்தான். இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோன அந்தக் காலை, அவனையும் கொண்டுபோனது. எங்களைத் தேவாலயங்களும் கோயில்களும் பள்ளிவாசல்களும் தாங்கின. எல்லா மதத்தவரும் சோறு சமைத்துத் தந்தார்கள். அந்தச் சோற்றுக்கு நான் இன்றும் நன்றியுடையவள். ஆனால் முகாம் கலைந்து, உறவினர் தத்தம் வீடுகளுக்குத் திரும்பிய பிறகு வந்த இரவுகளில் அம்மாவோடு யார் இருந்தார்கள்? நான் இருந்தேன், என்னால் அவரை எட்ட முடியவில்லை. மகளாக இருந்து பார்த்ததால் சொல்கிறேன், உறவின் கைக்கும் எட்டாத ஓர் ஆழம் துயரத்துக்கு உண்டு.

பல மாதங்களாக அம்மாவால் ஒரு அருள்நிறை மந்திரத்தைக்கூட முழுதாகச் சொல்ல முடியவில்லை. செபமாலை அவர் மடியில் கிடக்கும், விரல் முதல் மணியிலேயே நிற்கும். ஆயினும் ஒவ்வொரு மாலையும் ஆலயத்தின் இடதுபக்கக் கடைசி வாங்கில் போய் உட்காருவார். ஒருநாள் பொறுக்க முடியாமல், வாய் திறந்து எதையும் கேட்காமல் ஏன் போகிறீர்கள் என்று கேட்டுவிட்டேன். “நான் கேக்க வரேல்லப் பிள்ளை, அவரோட இருக்க வந்தனான்” என்றார்.

திருப்பாடல்களில் 88ஆவது பாடலைப் படித்துப் பாருங்கள். ஆறுதல் ஒன்றும் சொல்லாமல் இருளிலேயே முடிகிற பாடல் அது. ஆனாலும் அதைப் பாடியவர் முதலிலிருந்து கடைசிவரை ஆண்டவரையே நோக்கிப் பேசுகிறார், முகத்தைத் திருப்பவில்லை. கல்வாரியில் இயேசுவும் ஏன் என்னைக் கைவிட்டீர் என்றுதான் கதறினார், ‘என் இறைவா’ என்று அழைத்தே கதறினார். கயிறு முழுதாக விடப்பட்டிருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு அடையாளம் எனக்குத் தெரியாது.

அறிவெல்லாம் கடந்த இறை அமைதி உங்கள் உள்ளங்களைக் காக்கும் என்று பவுல் பிலிப்பியருக்கு எழுதினார். எழுதியது சிறையிலிருந்து. ‘காக்கும்’ என்ற இடத்தில் அவர் எழுதிய கிரேக்கச் சொல், படைவீரர் ஒரு நகரைக் காவல் நிற்பதைக் குறிப்பது. பிலிப்பி நகரம் ஓய்வுபெற்ற உரோமைப் படைவீரர் குடியேறிய நகரம் என்பதால் அவர்களுக்கு அது உடனே விளங்கியிருக்கும். கோட்டையையும் காவலரணையும் பார்த்து வளர்ந்த எங்களுக்கும் விளங்கும். பகை வெளியே இல்லை என்பது அந்தச் சொல்லின் பொருள் அல்ல. பகை வெளியே நிற்க, உள்ளே காவல் இருக்கிறது என்பதே அதன் பொருள். என் அம்மாவின் கவலை தீர்ந்துவிட்டது என்று இந்த மேடையில் பொய் சொல்ல மாட்டேன். தம்பியின் பெயரைச் சொன்னால் இன்றும் அவர் கண் கலங்கும். ஆனால் அவரை அந்தக் கவலை ஆளவில்லை. அயலில் பிள்ளையை இழந்த எந்த வீட்டுக்கும் முதலில் போகிறவர் அவர்தான். போய்ப் பேசாமல் பக்கத்தில் இருப்பார். எதிரணித் தலைவர் புகழ்ந்த அந்த அயலவரின் கை, எங்கள் வீதியில், அந்தக் கடைசி வாங்கிலிருந்து எழுந்து வருகிற கை.

மணி அடித்துவிட்டது, நடுவர் அவர்களே. இந்த மாதம் 26ஆம் திகதியும் அம்மா முதல் திருப்பலிக்குப் போவார். அப்பா கரையில் வள்ளத்தடியில் நிற்பார். கடல் கொந்தளிக்கிற காலம் என்பதால் வள்ளம் மேலே ஏற்றியிருக்கும். அம்மா நேரே அங்கே நடந்துபோய், ஒரு மெழுகுதிரியைக் காற்று அணைத்துவிடாதபடி வள்ளத்தின் மறைவில் ஏற்றி வைப்பார். பிறகு செபமாலையை எடுத்து முதல் மணியில் தொடங்கி, ஐம்பத்துமூன்று அருள்நிறை மந்திரங்களையும் முடித்துவிட்டு அப்பாவோடு வீடு திரும்புவார். தீர்ப்பை உங்களிடம் விட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.