யாரைக் கேட்டு எடுத்தீர்கள்?

(எங்கள் ஊர்த் திரைப்படச் சங்கத்தில் ‘விட்னஸ்’ படம் திரையிட்ட பிறகு பேசியதன் எழுத்து வடிவம்)

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, கல்லூரியிலிருந்து நேராக இங்கே வந்திருக்கும் பேராசிரியர் அம்மா அவர்களே, படம் பார்க்க வந்த அன்பர்களே, எல்லோருக்கும் வணக்கம். மண்டப உரிமையாளர் ஐயாவுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். இன்று முகூர்த்த நாள். கல்யாணத்துக்கு விட்டிருந்தால் நல்ல வாடகை வந்திருக்கும். அதை விட்டுவிட்டு நமக்கு இடம் கொடுத்தார், கரண்ட் காசும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நூலகத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் இந்தத் திரையிடலைப் பற்றிச் சொல்லிச் சொல்லி ஆள் சேர்த்தவர் நூலகர் ஐயா. அவருக்கு ஒரு கைதட்டல் கொடுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆமிஷ் மக்களும் வெளி அமெரிக்காவும் மோதுவதை சினிமா எப்படிக் காட்டுகிறது என்பதுதான் இன்றைய தலைப்பு. மூன்று வழியாக அதைப் பார்க்கலாம்: துப்பாக்கி, இளைஞர்கள், பெண்கள்.

‘ஊரோடு ஒத்து வாழ்’ என்பது எனக்கு மிகவும் பிடித்த பழமொழி. இதை ஆமிஷ் மக்களைப் போல் இறுகப் பிடித்தவர்கள் உலகத்தில் குறைவு. அவர்களுக்கு ஊர் என்றால் சபைதான். 1693-இல் ஐரோப்பாவில் யாக்கோப் அம்மான் என்பவர் தலைமையில் பிரிந்த கிறிஸ்தவப் பிரிவினர் அவர்கள். 18-ஆம் நூற்றாண்டில் கப்பலேறி பென்சில்வேனியாவுக்கு வந்தார்கள். இன்று 4 லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். குதிரை வண்டியில் போவார்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிப் படிப்பை நிறுத்திக்கொள்வார்கள். அந்த உரிமைக்காக வழக்கு நடத்தி 1972-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். மனிதன் மீது ஆயுதம் எடுக்க மாட்டார்கள். கேமராவுக்கு முன்னால் நின்று முகம் காட்டுவதும் பெரும்பாலும் அவர்களிடம் கிடையாது. உருவம் செய்யாதே என்ற வேதக் கட்டளையும், தன்னை முன்னிறுத்திக்கொள்வது அகந்தை என்ற எண்ணமும் அதற்குக் காரணம். இந்தக் கடைசி விஷயத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நாம் பார்த்த படம் 1985-இல் பீட்டர் வியர் இயக்கியது. திரைக்கதைக்கும் படத்தொகுப்புக்கும் ஆஸ்கர் வாங்கியது. ஃபிலடெல்ஃபியா ரயில் நிலையக் கழிப்பறையில் நடக்கும் கொலையை ஓர் ஆமிஷ் சிறுவன் பார்த்துவிடுகிறான். கொன்றவரே போலீஸ்காரர். துப்பறியும் அதிகாரி ஜான் புக், அதாவது ஹாரிசன் ஃபோர்டு, குண்டடி பட்டு அந்தச் சிறுவனின் பண்ணையில் ஒளிகிறார். துப்பாக்கியைத் தொட்ட பேரனிடம் தாத்தா பேசும் காட்சி எவ்வளவு அருமை! கெட்டவனை மட்டும்தான் கொல்வேன் என்கிறான் பையன். அவன் மனசுக்குள் இருக்கும் கெட்டதை உன்னால் பார்க்க முடியுமா என்று கேட்கிறார் தாத்தா. அவர்கள் செய்வதைப் பார்க்கிறேனே என்கிறான் பையன்.

ஆனால் அடுத்து நடந்ததைப் பாருங்கள். கடைத்தெருவில் ஆமிஷ் இளைஞன் முகத்தில் உள்ளூர்ப் போக்கிரி ஐஸ்கிரீமைத் தடவுகிறான். அவன் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். நம் வழி இது இல்லை என்று தாத்தா தடுக்கிறார். ஜான் புக் கேட்கவில்லை, இறங்கிப் போய் மூக்கை உடைக்கிறார். அந்த இடத்தில் இந்த மண்டபத்திலும் விசில் பறந்தது. மூன்று நூற்றாண்டாக ஒரு சமூகம் வேண்டாம் என்று ஒதுக்கி வைத்த ஒன்றுக்கு நம்மைக் கைதட்ட வைத்துவிட்டது அந்தக் காட்சி. அந்த அடியால்தான் அவர் ஒளிந்திருக்கும் இடமே எதிரிகளுக்குத் தெரிகிறது. படம் அதையும் மறைக்கவில்லை. கடைசியில் பையன் மணியை அடிக்க, வயல் வழியாக ஊரே வெறுங்கையோடு ஓடி வந்து நிற்கிறது. அத்தனை பேரையும் சுட முடியாமல் வில்லன் துப்பாக்கியைக் கீழே போடுகிறான். ஊரோடு ஒத்து வாழ்வதன் பலம் அந்த ஒரு காட்சியில் தெரிகிறது. என்றாலும் அதற்கு முன்பே நம் கதாநாயகர் இரண்டு பேரைக் கொன்றுவிட்டார். அகிம்சையைப் போற்றும் படம், டிக்கெட் வாங்கியவனுக்குக் கொலையையும் தருகிறது. இதை நான் குறையாகவே பார்க்கிறேன்.

இங்கே என் பெரியம்மா கதையைச் சொல்லியே ஆக வேண்டும். பெரியம்மா சந்தையில் கருவாடு விற்பார். ஒரு நாள் கேமராவோடு நாலு பேர் வந்தார்கள். ஒரு தனியார் தொலைக்காட்சி என்று சொன்னார்களாம். “பாட்டி, கொஞ்சம் அந்தப் பக்கம் பாருங்க” என்றார்கள், பார்த்தார். வெயில் கண்ணில் அடித்ததால் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். அவ்வளவுதான், போய்விட்டார்கள். பெரியம்மாவும் மறந்துவிட்டார். அடுத்த வாரம் ராத்திரி பக்கத்து வீட்டுப் பையன் கத்திக்கொண்டே ஓடி வந்தான்: “ஆயா, நீ டிவில அழுவுற!” தெருவே எங்கள் வீட்டுத் திண்ணையில் கூடிவிட்டது. டிவியில் பெரியம்மா முந்தானையால் முகத்தைத் துடைக்கிறார், பின்னால் வயலின் அழுகிறது. பிள்ளைகள் கைவிட்ட முதியவர், ஒரு வேளைச் சோற்றுக்குத் தவிக்கிறார் என்று ஒரு குரல் சொல்கிறது. பெரியம்மா எழுந்து நின்றுவிட்டார். “நானா? நாலு இட்லி, கெட்டிச் சட்னியோட தின்னுட்டுப் போனவடா நான்! எம் பெரிய மவன் எனக்குப் பட்டுப்புடவை எடுத்துக் குடுத்து மூணு மாசம்கூட ஆவல!” என்று டிவியைப் பார்த்தே சத்தம் போட்டார். மறுநாள் அந்தப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு, நகையெல்லாம் போட்டுக்கொண்டு கருவாடு விற்கப் போனார்! சந்தையில் ஒவ்வொருவரிடமும் அவரே விளக்கம் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். என் பெரிய அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. வெளியூரில் வேலை பார்த்த அவரிடம், “அம்மாவுக்குச் சோறு போட மாட்டியா?” என்று கூட வேலை பார்ப்பவர்கள் கேட்டுவிட்டார்கள். பெரியம்மா சாகும்வரை அந்தச் சேனலை வீட்டில் வைக்க விடவில்லை.

பெரியம்மாவுக்குச் சத்தம் போட ஒரு திண்ணையாவது இருந்தது. ஆமிஷ் மக்களோ சினிமாவே பார்க்காதவர்கள். தங்களைப் பற்றி என்ன காட்டினார்கள் என்று அவர்கள் பார்த்துச் சரிசெய்ய வழியே இல்லை. ‘விட்னஸ்’ பென்சில்வேனியாவின் லான்காஸ்டர் பகுதியில் படமானபோது ஆமிஷ் பெரியவர்கள் மாநில அரசிடம் போய் முறையிட்டார்கள். ஆமிஷ் மக்களைப் படக்கருவாக இனி விளம்பரம் செய்வதில்லை என்று அரசுத் தரப்பு ஒப்புக்கொண்டது. கோர்ட்டுக்குப் போகாமல், கூட்டம் சேர்த்துக் கத்தாமல் அவர்கள் கேட்டு வாங்கியது இது.

ஆனால் சினிமா நிற்கவில்லை. 2002-இல் லூசி வாக்கர் எடுத்த ‘டெவில்ஸ் பிளேகிரவுண்ட்’ ஆவணப்படம் ரம்ஸ்பிரிங்கா பருவத்தைக் காட்டியது. பதினாறு வயதுக்குமேல், ஞானஸ்நானம் எடுத்துச் சபையில் சேரும்வரை, பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கட்டு தளரும் காலம் அது. பெரும்பாலானவர்கள் ஞாயிற்றுக்கிழமை கூடிப் பாடுவதோடு சரி. படத்தில் நம் மனசில் நிற்பதோ போதையும் ராத்திரி விருந்தும்தான். பெரும்பாலான பிள்ளைகள் சபைக்கே திரும்புகிறார்கள் என்பதையும் படம் சொல்கிறது, ஆனால் யாருக்கு அது நினைவிருக்கிறது? ஊரோடு ஒத்து வாழ் என்று யாரும் கட்டிப்போடாமல், தானே யோசித்துத் திரும்புகிற பிள்ளையைப் படமெடுக்கப் பொறுமை வேண்டும்.

2006 அக்டோபர் 2-ஆம் தேதி பென்சில்வேனியாவில் நிக்கல் மைன்ஸ் என்ற சிற்றூரின் ஆமிஷ் பள்ளிக்கூடத்தில் வெளியாள் ஒருவன் ஐந்து சிறுமிகளைச் சுட்டுக் கொன்றான். ஆமிஷ் மக்கள் அன்று மாலையே அவன் குடும்பத்தைத் தேடிப் போய் ஆறுதல் சொன்னார்கள். அவன் அடக்கத்திலும் கலந்துகொண்டார்கள். இதை வைத்து 2010-இல் ‘ஆமிஷ் கிரேஸ்’ என்று தொலைக்காட்சிப் படம் வந்தது. மன்னிக்க மறுத்துச் சபையை விட்டே போக நினைக்கும் ஒரு தாயைக் கற்பனையாக நடுவில் வைத்தார்கள். நடந்ததே போதாதா? மகளைப் பறிகொடுத்த நிஜத் தாய்மார்கள் அந்த ஊரில் இருந்தார்களே!

அதனால்தான் அன்பர்களே, நம் சங்கம் இந்த இயக்கத்தைத் தொடங்கியிருக்கிறது. நாம் கேட்பவை இரண்டுதான். ஒரு ஊரையோ ஒரு சமூகத்தையோ படமெடுப்பவர்கள், அந்த மக்களுக்குப் புரியும் பேச்சில் கதையைச் சொல்லி முன்கூட்டியே சம்மதம் வாங்க வேண்டும். எடுத்து முடித்ததும் முதல் காட்சியை அந்த ஊரிலேயே போட்டுக் காட்ட வேண்டும். படைப்பாளியின் சுதந்திரம் என்னாவது என்று தம்பி ஒருவர் வாசலில் கேட்டார். நியாயமான கேள்விதான். அதிகாரத்தில் இருப்பவனைப் படமெடுக்க யாரிடமும் சம்மதம் கேட்க வேண்டாம், தம்பி. கருவாட்டுக் கூடைக்கும் குதிரை வண்டிக்கும் முன்னால் கேமராவை வைக்கும்போது கேளுங்கள்.

அரசு இடங்களில் படப்பிடிப்புக்கு அனுமதி தரும்போது இந்த இரண்டு நிபந்தனைகளையும் சேர்க்கச் சொல்லி மனு எழுதியிருக்கிறோம். நகர்மன்ற உறுப்பினர் அவர்கள் முதல் கையெழுத்துப் போட்டுவிட்டார், அவருக்கு நன்றி. தாள் செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் மேசையில் இருக்கிறது. பேனாவும் வைத்திருக்கிறோம். பெயரோடு ஊரையும் தெளிவாக எழுதுங்கள். பேராசிரியர் அம்மா பேசக் காத்திருக்கிறார். நன்றி, வணக்கம்.