பழைய லீவர் ரைஃபிளா? முதல்ல வாயைப் பாருங்க

[பட்டர்வொர்த், லேத் பட்டறை. மேசை மேல ஒரு அடி நீள இரும்புக் குழாய், டார்ச், காது குடையுற பஞ்சுக் குச்சி.]

வணக்கம். பயப்படாதீங்க, கையில இருக்கிறது வெறும் குழாய்தான். மலேசியாவுல 1960ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் இருக்கு. இங்க லைசென்ஸ் இல்லாம துப்பாக்கியைத் தொடவே முடியாது. என் அத்தை மகன் டெக்சாஸ்ல இருக்கார். அங்க ஒரு கடையில பழைய வின்செஸ்டர் 94 ஒண்ணு, மார்லின் 336 ஒண்ணு. ரெண்டும் லீவர் ரைஃபிள், அதாவது விசைக்குக் கீழ இருக்கிற வளையக் கைப்பிடியை இறக்கி ஏத்தினா அடுத்த தோட்டா உள்ள போற துப்பாக்கி. "மச்சான், நீ இரும்போட பொழங்குறவன், எதைப் பார்க்கணும்னு சொல்லு"ன்னு போட்டோவா அனுப்பித் தள்ளிட்டார். அவருக்குச் சொன்னதைத்தான் இப்ப சொல்றேன்.

கடைக்காரர் "காலிதான்"னு சொன்னாலும் நம்பாதீங்க. லீவரை முழுசா இறக்கி, தோட்டா உக்கார்ற அறைக்குள்ள கண்ணாலயும் பாருங்க, சுண்டு விரலாலயும் தடவிப் பாருங்க. குழலுக்குக் கீழ மேகசின் குழாய் ஒண்ணு ஓடுது. அதுக்குள்ள ஒரு தோட்டா மிச்சம் இருந்தா, அடுத்த தடவை லீவர் போடும்போது மேல ஏறிடும்.

[கேமரா குழாயின் வாய்க்கு நெருக்கமா.]

இப்ப வாய், அதாவது குண்டு வெளிய வர்ற முனை. வின்செஸ்டர் 94க்குப் பின்பக்கம் மூடியிருக்கும், அறையைப் பின்னாலிருந்து அடைக்கிற இரும்புத் துண்டை, அதான் போல்ட்டை, கழட்டறது பெரிய வேலை. அதனால எல்லாரும் துடைக்கிற கம்பியை முன்னாலதான் விடுவாங்க. அம்பது வருஷம் கம்பி ஒரே பக்கமா உரசினா என்ன ஆகும்? இந்தக் குழாயில நானே அரத்தால இழைச்சு வைச்சிருக்கேன் பாருங்க, விளிம்பு ஒரு பக்கம் சரிஞ்சிருக்கு. குண்டு வெளிய வர்ற நேரத்துல புகை அந்தப் பக்கமா முந்திக்கும், குண்டு லேசா சாயும். குறி எங்கயோ போகும். பஞ்சுக் குச்சியை உள்ள விட்டு வெளிப்பக்கமா இழுங்க. பிசிறு இருந்தா பஞ்சு மாட்டும்.

மார்லின்ல லீவர் ஸ்க்ரூ ஒண்ணைக் கழட்டினா போல்ட் பின்னால வந்துடும், அந்த வழியாவே துடைக்கலாம். துடைச்சிருப்பாங்களாங்கிறது வேற கதை.

ஸ்க்ரூ தலைகளையும் பாருங்க. காடி சிதைஞ்சிருந்தா அரைகுறை ஆள் யாரோ கை வைச்சிருக்கான். கைப்பிடிக் கட்டை இரும்போட சேர்ற இடத்துல மயிரிழை விரிசல் இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க.

மார்லின்ல ஒரு தனி வியாதி. தோட்டாவை மேல தூக்குற தகடை லீவரோட மூக்கு தேய்ச்சுத் தேய்ச்சு பள்ளம் போட்டுடும். அப்புறம் ரெண்டாவது தோட்டா பாதி நழுவி வந்து அடைச்சுக்கும், லீவர் அசையாது. கடைக்காரர்கிட்ட கேட்டு டம்மி தோட்டா அஞ்சாறு போட்டு மெதுவா ஒரு தடவை, வேகமா ஒரு தடவை ஓட்டிப் பாருங்க.

1964க்கு முந்தின வின்செஸ்டர்னா விலை ஏறும். அந்த வருஷம் செலவைக் குறைக்கத் தயாரிப்பு முறையை மாத்தினாங்க. சேகரிக்கிறவங்களுக்கு அது பெரிய விஷயம். சுடறதுக்கு மட்டும்னா அந்தக் கூடுதல் காசு வேஸ்டுன்னுதான் நான் சொல்வேன்.

நேத்து ராத்திரி வாட்ஸ்அப்ல பஞ்சுக் குச்சி படம் வந்துச்சு. வின்செஸ்டர் வாயில பஞ்சு மாட்டி நிக்குது, மார்லின்ல சுத்தம். எதை வாங்கினார் தெரியுமா? வின்செஸ்டர்! "பார்க்க அழகா இருந்துச்சு மச்சான்." வாயைச் சீவித் தர அங்க ஒரு ஆளைத் தேடிட்டிருக்கார்.